தோட்டப்புறப் போதகர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரம் ஒன்றில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஊழியம் செய்த பெந்தெகொஸ்தே போதகருக்கு எண்பது வயது நிறையும்போதோ, அவர் தொடங்கிய சபைக்குப் பொன்விழா வரும்போதோ, "ஐயாவின் வாழ்க்கையை யாராவது எழுதி வைக்க வேண்டும்" என்ற பேச்சு எழும். கொஞ்சம் எழுதத் தெரிந்தவர் என்று சபையில் பெயர் வாங்கியவர் எவரோ அவர் தலையில் அந்தப் பொறுப்பு வந்து விழும். பிறகு மூன்று மாத அவசரத்தில் பளபளப்பான தாளில் ஒரு சிறு நூல் அச்சாகும். அதில் பாதி வாழ்த்துச் செய்திகளாகவும் மீதி படங்களாகவும் இருக்கும். நடுவே உள்ள நான்கு பக்கங்களில் பிறந்தார், இரட்சிக்கப்பட்டார், அழைக்கப்பட்டார், உழைத்தார் என்று நான்கு வினைச்சொற்களில் ஒரு மனிதர் முடிந்துபோவார்.

இப்படிப்பட்ட இரண்டு நூல்களில் எனக்கும் பங்கு உண்டு. அவற்றில் செய்த தவறுகளும், பிறகு ஒரு முதிய போதகரின் வாழ்க்கையை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொறுமையாகப் பதிவு செய்தபோது கற்றவையுமே இந்தக் குறிப்புகளுக்கு அடிப்படை. அந்தப் போதகர் மூன்று வேலைகளைச் செய்தவர்: ஞாயிறு தோறும் பிரசங்க மேடையில் நின்றார், வாரநாட்களில் தம்மிடம் வந்தவர்களின் துயரங்களைக் கேட்டு ஆலோசனை சொன்னார், மாதத்தில் சில நாட்கள் வேதாகமக் கல்லூரி வகுப்பறையில் பாடம் நடத்தினார். முதல் வேலையை ஊரே கேட்டது. இரண்டாவதை அந்த அறையில் இருந்த இருவர் மட்டுமே அறிவர். மூன்றாவது, பல ஊர்களுக்குச் சிதறிப்போன மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் கிடக்கிறது. மூன்றையும் ஒரே முறையில் எழுத முடியாது என்பதைப் புரிந்துகொண்டால் வேலையில் பாதி முடிந்தது.

எழுதத் தொடங்குமுன்

போதகர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே தொடங்குங்கள். இறந்த பின் எழுதப்படும் வரலாற்றில் அவரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. அவராலும் எதையும் திருத்த முடியாது.

முதல் சந்திப்பிலேயே ஒரு பக்க அளவில் எழுத்துமூலமான உடன்பாடு செய்துகொள்வது நல்லது. ஒலிப்பதிவுகள் யாரிடம் இருக்கும், நூலில் இருந்து ஒரு பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, செலவு யாருடையது, போதகர் இடையில் காலமாகிவிட்டால் வேலை தொடருமா என்ற நான்கு கேள்விகளுக்கு அதில் பதில் இருந்தால் போதும். "நமக்குள் எதற்கு எழுத்து?" என்று சபை மூப்பர்கள் கேட்பார்கள். நூல் வெளிவந்த பிறகு மனத்தாங்கல் ஏற்படும்போது அதே மூப்பர்கள்தாம் அந்தத் தாளைத் தேடுவார்கள். நீக்கும் உரிமையைப் போதகருக்கும், அவருக்குப் பின் அவர் மனைவிக்கும் மட்டும் கொடுங்கள். குழுவிடம் கொடுத்தால் ஒவ்வொருவரும் ஒரு பத்தியை நீக்குவார்கள். மிஞ்சுவது மீண்டும் அந்த நான்கு வினைச்சொற்களாகவே இருக்கும்.

ஆண்டுகளைச் சரிபார்த்தல்

தோட்டத்தில் பிறந்தவரின் பிறந்த தேதியைக்கூட அப்படியே நம்பிவிட முடியாது. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் காட்டுபவை என்றாலும், அந்தத் தேதி பிறப்பைத் தாமதமாகப் பதிந்தபோது யாரோ உத்தேசமாகச் சொன்னதாக இருக்கலாம். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதியது ஒன்று, தாய் சொன்னது ஒன்று, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பது மற்றொன்று என மூன்று தேதிகள் கிடைத்தால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டை மறைக்காமல், மூன்றையும் சொல்லி எதை ஏன் ஏற்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

முதியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்பதால் பயன் குறைவு. அவர்கள் நினைவில் ஆண்டுகள் இல்லை, நிகழ்ச்சிகள் இருக்கின்றன. "ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போட உங்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனபோது நீங்கள் நடக்கத் தொடங்கியிருந்தீர்களா?" என்று கேட்டால் 1942, 1943 என்ற இடத்துக்கு வந்து சேரலாம். சுங்கை சிப்புட் வட்டாரத்தவரிடம் கேட்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்த ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் இங்குள்ள ஒவ்வொரு முதியவரின் குடும்பக் கதையிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதும் இரவில் வெளியே நடமாட முடியாமல் போனதும் நினைவில் இருப்பவரிடம், வீட்டு ஜெபக்கூட்டம் அப்போது எந்த நேரத்தில் நடந்தது என்று கேட்டுப்பாருங்கள். எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு செய்தி கிடைக்கும்.

அதே முறையில் 1957ஆம் ஆண்டுச் சுதந்திரமும், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் பங்குப் பணம் சேர்த்ததும், 1969க்குப் பின் குடியுரிமை இல்லாத பலர் வேலை பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறியதும், கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டதும் அளவுகோல்களாக உதவும். வேலை பெர்மிட் காலத்தில் பல சபைகளில் பாதிப் பேர் திரும்பி வராத பயணமாக நாகப்பட்டினத்துக்குப் போனார்கள் என்பது பொதுவாகச் சபை வரலாறுகளில் விடுபட்டுப்போகும் செய்தி. உங்கள் சபையில் அது நடந்ததா என்று கட்டாயம் கேளுங்கள்.

இதற்குப் பிறகே தாள்களைத் தேட வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ், அபிஷேகச் சான்றிதழ், சபைக் கணக்குப் புத்தகம், திருமணப் பதிவேடு ஆகியவை முதல் வரிசை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் சில போதகர்கள் துணைத் திருமணப் பதிவாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். உங்கள் போதகரும் அவர்களில் ஒருவராக இருந்தால், அவர் கையெழுத்திட்ட பதிவேடுகளே ஊரின் குடும்ப வரலாறாகும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் பழைய இதழ்களில் மரண அறிவித்தல்களைத் தேடுங்கள். போதகரின் பெற்றோர், உடன்பிறந்தோர், மருமக்கள் எந்தெந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்பதை அவை ஒரே பத்தியில் சொல்லிவிடும். தோட்டத்தின் பெயரில் மட்டும் கவனம் தேவை. வரைபடத்தில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறு. இரண்டையும் எழுதுங்கள்; இன்று அங்கே செம்பனையோ வீடமைப்புத் திட்டமோதான் இருக்கிறது என்பதால், பெயரும் போனால் இடமே போய்விடும்.

சாட்சிக்கு அடியில் இருப்பதைக் கேட்டல்

போதகரை நேர்காணல் செய்வதில் உள்ள பெரிய சிக்கல், அவர் நன்றாகப் பேசுகிறவர் என்பதே. தம்முடைய சாட்சியை, அதாவது தாம் மனம் மாறிய கதையை, நூற்றுக்கணக்கான மேடைகளில் சொல்லியிருக்கிறார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே "அல்லேலூயா" எழும் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சாட்சியில், கள்ளுக்கடையில் விழுந்து கிடந்தவன் ஒரே இரவில் எழுந்தான் என்று இருக்குமே தவிர, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனபோது மேற்பார்வையாளரான மண்டோர் என்ன சொன்னார் என்பது இருக்காது. உங்களுக்கு வேண்டியது மறுநாள் காலைதான்.

ஆகவே முதல் சந்திப்பில் அவர் சாட்சியை முழுமையாகச் சொல்லவிடுங்கள், குறுக்கிடாதீர்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் சந்திப்பில் அதைத் தொடவே வேண்டாம். வேலையைப் பற்றிக் கேளுங்கள். பெரட்டு எத்தனை மணிக்கு, நாளுக்கு எத்தனை மரம் சீவ வேண்டும், மழை பெய்தால் கூலி உண்டா, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை விட்டுச் சென்றது யார், தோட்டத்துக்குள் ஜெபக்கூட்டம் நடத்தத் துரையிடம் அனுமதி கேட்டது யார், மறுத்தாரா, கோயில் கமிட்டியினர் என்ன சொன்னார்கள், முதல் சபையின் முதல் வாரக் காணிக்கை எவ்வளவு, முழுநேர ஊழியத்துக்கு வந்தபின் வீட்டுக்கு அரிசி எப்படி வந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "கர்த்தர் நடத்தினார்" என்று பதில் வரும். அந்தப் பதிலை மரியாதையுடன் எழுதிக்கொண்டு, அதே கேள்வியை அவர் மனைவியிடம் தனியாகக் கேளுங்கள்.

பாஸ்டர் அம்மாவைத் தனியாகச் சந்திப்பது தவிர்க்கக்கூடாத வேலை. கணவர் அருகில் இருந்தால் அவர் "ஐயா சொன்னதுதான்" என்று முடித்துவிடுவார். நான் பேசிய அம்மையார், கணவர் முழுநேர ஊழியத்துக்குப் போன பிறகு பதினொரு ஆண்டுகள் தாம் பால்மரம் சீவிக் குடும்பத்தை நடத்தியதை, அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, கேட்காமலேயே சொன்னார். அந்தப் பதினொரு ஆண்டுகள் கணவரின் சாட்சியில் ஒருமுறையும் வந்ததில்லை. போதகரிடம் இதைப் பிறகு மெதுவாகச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை முதல் அதிகாரத்திலேயே போடுங்கள்" என்றார்.

நேர்காணலைச் சபை அலுவலகத்தில் வைக்காதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் போதகராகிவிடுவார். முடிந்தால் காரில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். லயம் இருந்த இடத்தில் செம்பனை நின்றாலும், கிணறு, மாரியம்மன் கோயில், பாலம் என்று ஏதேனும் ஒன்று மிஞ்சியிருக்கும். அங்கே இறங்கி நின்றவுடன் அறுபது ஆண்டுகளாகச் சொல்லாத பெயர்கள் வரத் தொடங்கும். ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைப் பையிலேயே ஓடவிட்டு வையுங்கள்.

பெந்தெகொஸ்தே வரலாற்றில் அவரை எங்கே வைப்பது?

சபை வெளியீடுகளில் வழக்கமாக வரும் ஒரு பத்தி உண்டு: 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் தலைமையில் எழுந்த எழுப்புதலின் அக்கினி உலகெங்கும் பரவி, முடிவில் நம் ஊருக்கு வந்தது என்று அது போகும். அசுசா நிகழ்ச்சி உண்மை; ஆனால் தமிழர் கதை அங்கே தொடங்கவில்லை. திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் சபைகளிடையே 1860இலேயே அந்நிய பாஷை பேசுதலும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. பூனாவுக்கு அருகே பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் எழுப்புதல் 1905இல் நிகழ்ந்தது. மலாயாவுக்கோ 1930களில், இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன் வழியாக ஒரு கிளையும், அசெம்பிளிஸ் ஆப் காட் மிஷனெரிகள் வழியாக வேறொரு கிளையும் வந்தன. இவ்விரண்டுக்கும் உடையிலும், மருத்துவம் பற்றிய நிலைப்பாட்டிலும், ஊழியர்களின் இல்லறத்திலும் வேறுபாடுகள் உண்டு என்பதால், இரண்டையும் கலந்து எழுதினால் விவரம் தெரிந்த வாசகர் முதல் பக்கத்திலேயே நூலை மூடிவிடுவார்.

உங்கள் போதகருக்கு எந்தக் கிளை? அதைக் கண்டுபிடிக்க எளிய கேள்வி, "உங்கள் மேல் கை வைத்து ஜெபித்து ஊழியத்துக்கு அனுப்பியவர் யார், அவருக்குக் கை வைத்தவர் யார்?" என்பதே. மூன்று, நான்கு தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒரு கொழும்பு வழியோ, ஒரு கேரள வழியோ, ஒரு பெட்டாலிங் ஜெயா வழியோ தெளிவாகும். சிலர் மெதடிஸ்டு அல்லது லுத்தரன் சபையில் வளர்ந்து, ஓர் உபவாச ஜெபக்கூட்டத்தில் அபிஷேகம் பெற்று வெளியே வந்தவர்களாக இருப்பார்கள். பழைய சபையைப் "பெயர்க் கிறிஸ்தவர்கள்" என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஞாயிறு பள்ளியில் அவருக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

சுகமளித்தல், அற்புதம் ஆகியவற்றை எழுதும்போது யார் சொன்னார், எப்போது, அப்போது உடனிருந்தவர் யார் என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "புற்றுநோய் நீங்கியது" என்று நீங்கள் சொல்லாமல், "நீங்கியதாக அவர் மகள் சொல்கிறார்" என்று எழுதினால் விசுவாசிக்கும் குறைவில்லை, நூலுக்கும் நேர்மை கெடாது. மருந்தை நிறுத்தச் சொன்னதாக ஒரு கதை வந்தால் அதை விசாரியுங்கள். விசாரித்து உறுதியானால் புகழாமல் எழுதுங்கள்.

இந்து உறவினரையும் அண்டை வீட்டாரையும் பற்றி எழுதும் இடங்களை, அவர்களில் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். தோட்டத்தில் போதகர் வீட்டுத் தாயார் இறந்தபோது பாடை கட்டியவர்கள் அவர்கள்தாம். மற்றொன்று சட்டம் சார்ந்தது: முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு நான்காம் உட்பிரிவு இடமளிக்கிறது. ஆகவே கூட்டங்களுக்கு யார் வந்தார்கள் என்று விவரிக்கும்போது, ஒருவரை இக்கட்டில் மாட்டிவிடக்கூடிய எந்த அடையாளமும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஆலோசனை அறையை எழுதுதல்

என் முதல் நூலில் நான் செய்த தவறு இங்கேதான். போதகர் பலருக்கு ஆலோசனை சொல்லிக் குடும்பங்களைச் சேர்த்து வைத்தவர் என்பதைக் காட்ட, ஒரு பெண்மணியின் கதையை எழுதினேன். பெயரை மாற்றினேன், தோட்டத்தின் பெயரையும் மாற்றினேன். கணவர் லாரி ஓட்டியவர் என்பதையும், மூத்த பெண்ணுக்குக் கால் ஊனம் என்பதையும் அப்படியே விட்டுவிட்டேன். நூல் வெளியான ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்து தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டு நின்றவர்கள் ஐந்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை. நகரத்தில் பெயரை மாற்றினால் ஆள் மறையலாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த தோட்டப்புறத்தில் பெயர்தான் மறையும், ஆள் மறைய மாட்டார்.

அன்று முதல் ஒரு விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஆலோசனை பெற்றவர் தாமாக வந்து, தம் கதையைத் தம் வாயால் சொல்லி, அச்சுக்கு முன் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டால் மட்டுமே அது நூலில் வரும். போதகர் வழியாகக் கேட்ட எந்தக் கதையும் வராது. அவர் சொல்ல முன்வந்தால் நீங்களே ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று பேரின் கதைகளைக் கலந்து ஒருவராக்கி எழுதும் உத்தியும் இங்கே வேண்டாம். ஊரார் அதில் மூன்று பேரைக் கண்டுபிடிப்பார்கள், மூன்றும் தவறாக இருக்கும்.

அப்படியானால் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. வந்தவரைப் பற்றி எழுத முடியாவிட்டாலும், வரவேற்றவரின் வேலைமுறையை எழுதலாம். எந்த நேரத்தில் மக்கள் வந்தார்கள்? தோட்ட வேலை முடிந்த பிற்பகலிலா, யாரும் பார்க்காத இரவிலா? பெண்கள் வந்தபோது கதவு திறந்திருந்ததா, பாஸ்டர் அம்மா எங்கே உட்கார்ந்திருந்தார்? முதலில் ஜெபித்தாரா, முதலில் கேட்டாரா? இளம் வயதில் எல்லாவற்றுக்கும் வசனம் சொல்லி அனுப்பியவர், எந்த வயதில் பேசாமல் கேட்கக் கற்றார், எது அவரை மாற்றியது? எவற்றைத் தம்மால் இயலாது என்று மருத்துவமனைக்கு அனுப்பினார்? பிசாசின் கட்டு என்று பிறர் அழைத்து வந்ததை மனநோய் என்று அவர் அடையாளம் கண்ட சந்தர்ப்பங்கள் உண்டா? நான் பதிவு செய்த போதகர் இந்தக் கடைசிக் கேள்விக்கு, "உண்டு, முதல் பத்தாண்டுகளில் தவறாகக் கண்டதும் உண்டு" என்று பதில் சொன்னார். அந்த வாக்கியத்துக்காக மட்டுமே அந்த நூலை நான் மதிக்கிறேன்.

சம்சு என்ற மலிவுச் சாராயமும் கள்ளும், அடிதடியும், சாதி பார்த்து மறுக்கப்பட்ட காதலும், தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போன வெறுமையும் அந்த அறைக்கு வந்த பொதுவான துயரங்கள். இவற்றை ஊரின் வரலாறாகப் பொதுநிலையில் எழுதலாம். தற்கொலை முயற்சிகளைப் பற்றிய பேச்சும் வரும். 2023இல் நீக்கப்படும் வரை குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியையே குற்றமாக வைத்திருந்தது. குடும்பங்கள் வாயடைத்துப் போனதற்கு வெட்கத்தோடு அந்த அச்சமும் சேர்ந்திருந்தது என்பதை எழுதுங்கள். எந்த முறையில், எந்த இடத்தில் என்பதை எழுதாதீர்கள்.

சிறுவர் எவரேனும் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றிய செய்தி பேச்சினூடே வெளிப்பட்டால், அது நூலுக்குரிய செய்தியே அன்று. 2017ஆம் ஆண்டுச் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் அப்படிப்பட்ட குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆலோசனையின் இரகசியம் என்பது இதற்குத் திரையாக முடியாது. எழுத்து வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

அட்டையில் போடும் பட்டத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி (சட்டம் 580) ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றவரே அந்தப் பட்டத்தைப் பயன்படுத்தலாம். போதகர் பதிவு பெறாதவர் என்றால் "மேய்ப்புப் பணியில் ஆலோசனை வழங்கியவர்" என்று வினையாக எழுதுங்கள், பட்டமாக எழுதாதீர்கள்.

அவர் வைத்திருக்கும் பழைய நாட்குறிப்புகளை உங்களிடம் கொடுக்கக்கூடும். ஊழியப் பயணங்களும் பிரசங்கக் குறிப்புகளும் உள்ளவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவர்களின் பெயரும் ஜெபக்குறிப்பும் உள்ளவற்றைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்து, தம் காலத்துக்குப் பின் அவை யார் கையில் சேர வேண்டும், அல்லது சேரக் கூடாது என்பதை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் போதகர் அவற்றைப் பின்கட்டில் தகர டின்னில் எரித்தார். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆயினும் தீக்குச்சி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

வகுப்பறையைத் தேடிச் செல்லுதல்

இந்தப் பகுதிக்குப் போதகரைவிட அவர் மாணவர்களே சிறந்த ஆதாரம். முதலில் நிறுவனத்தின் பெயரையும் அவர் அங்கே வகித்த நிலையையும் துல்லியமாக எழுதுங்கள். 1960இல் பெட்டாலிங் ஜெயாவில் மலாயா வேதாகமப் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அசெம்பிளிஸ் ஆப் காட் கல்லூரி பின்னாளில் மலேசிய வேதாகமக் கல்லூரி ஆயிற்று. 1979இல் நிறுவப்பட்டு இப்போது சிரம்பானில் இயங்கும் மலேசிய இறையியல் கல்லூரி பல திருச்சபைகள் சேர்ந்து நடத்துவது. ஒன்றில் படித்து மற்றொன்றில் பாடம் நடத்தியவரை எல்லாம் ஒரே பெயரில் அடக்கிவிடக் கூடாது. வருகை விரிவுரையாளர் என்றால் அப்படியே எழுதுங்கள்; பேராசிரியர் ஆக்காதீர்கள். பெயருக்கு முன் "டாக்டர்" இருந்தால் எந்த நிறுவனம், எந்த ஆண்டு, ஆய்வுப் பட்டமா மதிப்புறு பட்டமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் சான்றிதழைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். பதில் தானாகவே வரும்.

மாணவர்களிடம் "ஐயா எப்படிப்பட்ட ஆசிரியர்?" என்று கேட்டால் அன்பானவர், கண்டிப்பானவர் என்பார்கள், இதனால் பயனில்லை. அவர்கள் வைத்திருக்கும் வகுப்புக் குறிப்பேடுகளைக் கேளுங்கள். ஆங்கில நூல்களில் படித்த இறையியலைத் தோட்டப் பள்ளியோடு நின்றுவிட்ட மாணவர்களுக்குத் தமிழில் சொல்ல அவர் என்ன சொற்களைப் பயன்படுத்தினார் என்பது அங்கேதான் இருக்கும். கடைசிக் காலங்களைப் பற்றிய உபதேசத்தை இறுதியியல் என்றாரா, "முடிவு பற்றிய பாடம்" என்றாரா? வேத வசனத்தை விளக்கும் முறையைக் கற்பிக்கத் தோட்டத்திலிருந்து உவமை எடுத்தாரா? எங்கள் போதகர், வசனத்தின் மேலோட்டமான பொருளோடு நிற்பவனையும் மூலத்தைச் சிதைப்பவனையும் பால்வெட்டோடு ஒப்பிட்டதை ஈப்போவில் ஒரு மாணவரின் நோட்டில் கண்டேன்: பட்டை ஆழம் போதாமல் சீவினால் பால் வராது; ஆழம் மிகுந்து மரத்தில் கத்தி பட்டால் மரம் புண்ணாகும். பாடநூல் எதிலும் இல்லாத அந்த உவமையை, அவர் பால் வெட்டிய ஆண்டுகளைச் சொல்லும் அதிகாரத்தின் நடுவில் வைத்தேன்.

தேர்வில் தோற்றவர்களையும், இடையில் விலகியவர்களையும் சந்தியுங்கள். ஊழியத்தை விட்டு டாக்சி ஓட்டப் போன ஒருவர் சொன்னவை, இன்று பெரிய சபை நடத்தும் மூன்று மாணவர்கள் சொன்னவற்றைவிட எனக்கு உதவின.

எழுதும்போதும் அச்சிடும்போதும்

ஒவ்வொரு வாக்கியத்திலும் "தேவமனிதர் அவர்கள்" என்று எழுதினால் இருபதாம் பக்கத்தில் வாசகர் களைத்துப்போவார். முன்னுரையில் ஒருமுறை "போதகர் ஐயா" என்று சொல்லிவிட்டு, பிறகு "அவர்" என்றும், சிறுவயதுப் பகுதியில் வீட்டில் அழைத்த பெயராலும் எழுதலாம். பலர்பால் வினையிலேயே மரியாதை இருக்கிறது. அவர் பேசியவற்றைச் செந்தமிழாக்காதீர்கள். கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும்; மேற்கோளில் பெரட்டும் மண்டோரும் கித்தாவும் அப்படியே நிற்கட்டும்.

சபை பிளந்த கதை அநேகமாக எல்லா ஊழியங்களிலும் உண்டு. அதை மறைத்தால் ஊர் சிரிக்கும். ஒருபக்கமாக எழுதினால் பிளவு மறுபடி நடக்கும். ஆண்டு, காரணமாக ஒவ்வொரு தரப்பும் சொல்வது, பிரிந்தவர்கள் இன்று எங்கே ஆராதிக்கிறார்கள் என்ற அளவில் ஒரு பத்தி போதும். பிள்ளைகளில் ஒருவர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்றால் அது அந்தப் பிள்ளையின் கதை. அவர் சம்மதித்தாலன்றி எழுத வேண்டாம்.

கைப்பிரதி முடிந்ததும் முழுவதையும் போதகருக்கு வாசித்துக் காட்டுங்கள். கண் மங்கியவருக்குத் தாளைக் கொடுத்து "பாருங்கள்" என்றால், "எல்லாம் நல்லா இருக்கு" என்றே சொல்வார். வாசிக்கும்போது முகத்தைப் பாருங்கள். எங்கே தலை குனிகிறதோ அங்கே நிறுத்திக் கேளுங்கள். எங்களுக்கு இந்த வாசிப்புக்கு ஒன்பது மாலைகள் ஆயின. நாற்பதுக்கு மேற்பட்ட திருத்தங்கள் வந்தன.

நூலுக்குரிய அனைத்துலகத் தர எண்ணைத் தேசிய நூலகத்திடம் பெறுங்கள். அச்சான நூலின் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். சபை வெளியீடுகள் பல இதைச் செய்வதில்லை. அதனால்தான் முப்பது ஆண்டுகளுக்கு முந்திய நம் சபைகளின் மலர்கள் இன்று யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கறையான் தின்ற நிலையில் மட்டுமே கிடைக்கின்றன. ஒலிப்பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில் சேமித்து, ஒன்றைப் போதகர் வீட்டிலும் மற்றொன்றை வேறு ஊரிலும் வையுங்கள்.

கடைசி வேலை படங்கள். பிளஸ் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற நாளில் வெள்ளை உடுத்தி இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நிற்பவர்களின் படம் ஒன்றாவது இருக்கும். அதைப் பெரிதாக்கி, முகத்துக்கு ஓர் எண் கொடுத்து, சபையின் மூத்த பெண்கள் மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். ஆண்களைவிட அவர்களுக்கே இன்னார் இன்னாருக்கு என்ன முறை என்பது நினைவிருக்கும். மூவரும் ஒத்துச் சொல்லும் பெயர்களை மட்டும் படத்தின் கீழே அச்சிடுங்கள். எங்கள் படத்தில் இருபத்திரண்டு பேர்; பத்தொன்பது பெயர்கள் கிடைத்தன. மற்ற மூவருக்கு எண்ணை மட்டும் போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம். நூல் வெளியாகி எட்டு மாதம் கழித்து, லிந்தாங்கிலிருந்து ஒரு பாட்டியம்மா பேத்தியின் கைப்பேசியில் கூப்பிட்டு, பதினான்காம் எண் தம் அக்காள் என்றும், பெர்மிட் கிடைக்காமல் ஊருக்குப் போனவர் என்றும் சொன்னார். அடுத்த பதிப்புக்காக அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.